எச்சில் கல்

ஐம்பத்து மூன்று நாட்கள் நான் ஒரு கல்லைக் கரைத்துக்கொண்டிருந்தேன். 2005 ஜூலை நான்காம் தேதி திங்கட்கிழமையிலிருந்து ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை வரை. ஒரு நாளைக்கு நான்கு மூடி எலுமிச்சை. அம்மா நறுக்கித் தருவாள். நான் சப்பிவிட்டு, இடது காதுக்கு முன்னால் இருந்த கட்டியை விரலால் வாய்ப்பக்கமாக நீவிவிடுவேன். எச்சில் பெருகினால் கல் குழாய் வழியே தள்ளிக்கொண்டு வரும். அப்படித்தான் படித்திருந்தேன்.

கல் என்று முதலில் சொன்னது நான்தான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டி ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் தெரிந்தது. அப்போது புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. ஜூன் கடைசியில் லேசாக வலிக்கத் தொடங்கியதும் என் அண்ணன் அந்தோணிராஜ் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அண்ணன் உப்பு லாரி ஓட்டுகிறான். பத்தாவது வரை படித்தவன். நான் திண்டிவனத்தில் விலங்கியல் படித்த மூன்று வருடமும் காலையில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டவன் அவன்தான். லாரியில் போகும்போது நான் படித்த பெயர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்பான். அடுத்த வாரம் டீக்கடையில் அதையே தப்பும் தவறுமாகச் சொல்லி, "எல்லாம் என் தங்கச்சி படிச்சதுப்பா" என்பான்.

டாக்டர் என்னைத் தொட்டுப் பார்த்தார். ஆனால் பேசியதெல்லாம் அண்ணனிடம். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியை உள்ளே விட்டு எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவினார்கள். கல்லுக்கு எதற்கு இந்த ஊசி என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். எனக்கு அறிமுகமில்லாதவர்களிடம் வாய் வராது. கல்லூரியிலும் வாய்மொழித் தேர்வில்தான் மதிப்பெண் குறையும்.

ஜூலை நான்காம் தேதி ரிப்போர்ட் வாங்கப் போனோம். அண்ணன் உள்ளே போனான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து வந்தான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"இன்னாவாம்ணா?"

"ஏதோ பேரு சொன்னாரு. வாயில வரல."

"சயலோன்னு ஆரம்பிக்குதா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஆமா."

"சயலோலித்தியாசிஸ்?"

"ஆங். அதான். அதேதான்."

நான் சிரித்தேன். சரியான விடை எழுதிவிட்டு வெளியே வந்தது போல இருந்தது. வழியெல்லாம் அவனுக்கு விளக்கினேன். சயலோ என்றால் எச்சில், லித்தோ என்றால் கல். நமக்கு மூன்று ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. நாக்குக்கு அடியில் ஒன்று, கீழ்த்தாடையில் ஒன்று, காதுக்கு முன்னால் பெரியது ஒன்று. அந்தப் பெரியதற்குப் பெயர் பரோட்டிட். அதிலிருந்து வரும் குழாய் மேல்வரிசையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேராகத் திறக்கும், நாக்கை வைத்துப் பார்த்தால் சின்ன மேடாகத் தட்டுப்படும் என்றேன். அண்ணன் நாக்கை வைத்துப் பார்த்தான். "ஆமா, இருக்குது" என்றான்.

எச்சில் கல் பெரும்பாலும் கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் வரும். அங்கே எச்சில் கெட்டி, சுண்ணாம்பு அதிகம், குழாயும் மேல்நோக்கிப் போகிறது. பரோட்டிடில் வருவது குறைவு. அதுவும் எனக்குத் தெரியும். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் என்னை வாசலில் இறக்கிவிட்டுவிட்டு நேரே உப்புப் பாத்திக்குப் போனான். எங்கள் அப்பா மரியதாஸ் உப்பளத்தில் மேஸ்திரி. இரண்டு பேரும் இருட்டுவதற்குள் சேர்ந்து வந்தார்கள். அப்பா கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"உப்புத் தண்ணியிலயே கெடக்கறோம். ஒடம்புல உப்பு கட்டாம இன்னா கட்டும்?"

எங்கள் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான் சொல்வார்கள். மூட்டு வலித்தால் உப்பு, கண் எரிந்தால் உப்பு. வாயில் கல் என்றதும் யாரும் ஆச்சரியப்படவில்லை. பாத்தியில் உப்பு வாரும் பாப்பாத்தி அத்தை, "கல்லு வந்துச்சுன்னா எனக்குக் காட்டுடி, எடை போட்டு லாரியில ஏத்திடலாம்" என்று கேலி செய்தாள்.

அதே வாரம் கல்யாணத் தேதி மாறியது. மாப்பிள்ளை சவரிராஜ், கீழ்புத்துப்பட்டு. காலாப்பட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீசியன். ஈஸ்டருக்குப் பிறகு வந்து பார்த்துப் பேசி, ஜனவரியில் வைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா போய் அதை செப்டம்பர் ஏழாம் தேதிக்குக் கொண்டுவந்தார். மழைக்கு முந்தி முடித்துவிடலாம் என்றார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் வேலை பார்க்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு சவரிராஜ் நான்கு முறை போன் செய்திருந்தார். "சாப்டீங்களா?" என்பார். "சாப்டேன்" என்பேன். பிறகு அவர் பக்கம் மீட்டர் ஓடும் சத்தம்தான் கேட்கும். அவரும் என்னைப் போலத்தான் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது கடைவாய் வழியாக ஒழுகியது. மறுநாளும் ஒழுகியது.

அன்றிலிருந்து அளந்தேன். ஒரு தையல் நூலைக் காது மடலின் அடியிலிருந்து கட்டியின் மேலாக வாயோரம் வரை வைத்து, வெட்டி, அளவுகோலில் பார்ப்பேன். எலுமிச்சைக்கு முன் ஒன்று, கால் மணி நேரம் கழித்து ஒன்று. குழாயை அடைத்துக்கொண்டு கல் இருந்தால், எச்சில் சுரக்கும்போது வீங்க வேண்டும். பிறகு வடிய வேண்டும். சாப்பிடும்போதுதான் வலிக்க வேண்டும். பதினோரு நாள் அளந்தேன். எலுமிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு. முதல் நாளுக்கும் பதினோராம் நாளுக்கும் நடுவில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது. எலுமிச்சைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது வளர்ந்துகொண்டிருந்தது.

ரிப்போர்ட் எங்கே என்று அண்ணனைக் கேட்டேன். லாரியில் எங்கோ வைத்துவிட்டேன் என்றான்.

ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி, பூத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினேன். தனியாக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போவது அதுதான் முதல் தடவை. கீழ்புத்துப்பட்டில் பஸ் நின்றபோது யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். கேட்க வேண்டியதை, பஸ் அனுமந்தையைத் தாண்டியதிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். கவுன்டரில் இருந்த அம்மாளிடம் பாதிதான் வந்தது.

"ரிப்போர்ட் ஒண்ணு... தொலைஞ்சிடுச்சுங்க."

"யாரோடது?"

"என்னுதுதான்."

அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு பேரேட்டைப் புரட்டினாள். "சகாயசெல்வி. ஜூலை நாலு. அந்தோணிராஜ்னு ஒருத்தரு கையெழுத்து போட்டு வாங்கினாரே. யாரு அது?"

"எங்க அண்ணன்."

"அப்ப அண்ணனக் கேக்க வேண்டியதுதானே?" என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். ஃபைலோடு ஒரு பெண் டாக்டர் வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"ஜூலை பதினெட்டு அட்மிட் ஆகச் சொல்லியிருந்தோம். ஏன் வரல?"

"கல்லு எடுக்கவா?"

"கல்லுன்னு யாரு சொன்னது?"

"நான்தான்" என்றேன்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். முதல் தடவையாக ஒரு டாக்டர் என்னைப் பார்த்துப் பேசினார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். கன்னத்தை உப்பச் சொன்னார். பல்லைக் காட்டச் சொன்னார். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். பிறகு ரிப்போர்ட்டின் நகலை என்னிடமே கொடுத்தார். கடைசி வரியில் மூன்று சொற்கள் இருந்தன. பிரித்துப் பார்த்துப் பொருள் சொல்ல எனக்கு யாரும் தேவைப்படவில்லை. எச்சிலைக் குறிக்கும் சொல் அதில் இல்லை. கல்லும் இல்லை.

"கெட்ட கட்டி. மெதுவா வளரும், ஆனா நரம்பப் பிடிச்சிக்கிட்டே போகும்" என்றார். "முகத்த அசைக்கிற நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ள நுழைஞ்சுதான் போகுது. படிச்சிருப்பீங்க. போன தடவ எல்லா அசைவும் சரியா இருந்துச்சு. இப்ப இடது பக்கம் கொஞ்சம் பலவீனம் தெரியுது. ஜூலையில எடுத்திருந்தா நரம்பக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. இன்னும் தள்ளிப் போட்டா மூஞ்சி மட்டும் இல்லீங்க, உயிர் பிரச்சனை."

"எங்க வீட்ல..."

அவர் ஃபைலைக் கடைசி வரை புரட்டினார். "இதோ, அவங்க எழுதிக் கொடுத்திருக்காங்க."

ஃபைலின் பின்பக்கம் ஒரு தாள் குத்தியிருந்தது. மகளின் திருமணம் முடிந்த பிறகு ஆபரேஷன் செய்துகொள்கிறோம், அதுவரை ஆகும் விளைவுகளுக்கு நாங்களே பொறுப்பு என்று இருந்தது. அண்ணன் கையெழுத்து. அதற்குக் கீழே 'மரியதாஸ' என்று கோணலாக ஒரு கையொப்பம். கடைசி எழுத்துக்கு அப்பா புள்ளி வைக்க மாட்டார். ஓட்டுப் போடும் இடத்தில் கைநாட்டு வைக்கக் கூச்சப்படுகிறார் என்று, ஒன்பதாவது படிக்கும்போது நான்தான் அவருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தேன். அந்தப் புள்ளியை மட்டும் பிடிக்கவே இல்லை அவருக்கு.

"செப்டம்பர் ரெண்டு, வெள்ளிக்கிழம, ஒரு இடம் இருக்குது" என்றார் டாக்டர். "வர்றீங்களா? கேட்டுட்டுச் சொல்றீங்களா?"

செப்டம்பர் இரண்டுக்கு ஐந்து நாள் கழித்துக் கல்யாணம்.

"எழுதிக்குங்க" என்றேன்.

ஊருக்கு வந்தபோது மணி நான்கரை. அண்ணன் வாசலில் லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஜூலை பதினெட்டுக்கு இன்னாண்ணா ஆச்சு?"

கை நின்றது. "யாரு சொன்னா?"

"பேரேட்டுல உன் கையெழுத்து இருக்குது."

"தனியாவா போன?" அவனுக்கு முதலில் அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

"கல்லுன்னு ஏன் சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? நீதான் சொன்ன. நான் ஆமான்னேன்."

அது உண்மைதான். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவன் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறான். அவனுக்குத் தேவையான பொய்யை நானே எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன். நீளமான ஒரு பெயர் கிடைத்தால் நான் அதற்கு மேல் கேட்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தவன் வேறு யாரும் இல்லை.

"ஆபரேஷன் பண்ணா ஒரு பக்கம் கோணிடும்னாரு டாக்டரு" என்றான். "சிரிச்சா பாதி மூஞ்சிதான் சிரிக்குமாம். கண்ணு மூடாதாம். அந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு உன்ன எவன் கட்டுவான்? நீயே சொல்லு."

"அவருக்குத் தெரியுமா?"

"எவருக்கு?"

"சவரிராஜுக்கு."

"தாலி கட்டிட்டா நீ அவன் பொண்டாட்டி. அப்புறம் அவன் பாத்துப்பான். நல்ல பையன், உட்டுட மாட்டான்."

"நல்லவருன்னுதான் ஏமாத்தறியா?"

"மெதுவா பேசு."

நான் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு மாதிரி பேச வராது.

அப்பா பாத்தியிலிருந்து வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. "கல்யாணம் ஆன மறுநாளே கூட்டிப் போறதா இருந்தோம்மா" என்றார். "மறுநாளே."

"யாரு கூட்டிப் போறது? நீங்களா, அவங்களா?"

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கண்ணாடியைத் துடைத்தான்.

உள்ளே அம்மா இருந்தாள். லூர்துமேரி என்று பெயர், ஆனால் பாத்தியில் எல்லோருக்கும் மேஸ்திரி ஊட்டம்மாதான். அவளுக்காவது தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

"உனக்கும் தெரியுமாம்மா?"

"நீ கல்லுன்னு நம்பி, நல்லா தூங்கினியே" என்றாள். "அத ஏன் கெடுக்கணும்னு இருந்தேன்."

ஐம்பத்து மூன்று நாள், ஒரு நாளைக்கு நான்கு மூடி. அத்தனையையும் தெரிந்தேதான் நறுக்கியிருக்கிறாள்.

செப்டம்பர் இரண்டாம் தேதி நான் போகப்போவதை மூன்று பேரிடமும் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. அண்ணன் மட்டும், "பதினஞ்சு நாள் பொறுக்க முடியலியா உன்னால? அவங்ககிட்ட மட்டும் இப்ப ஒண்ணும் சொல்லிடாத. நான் பேசிக்கறேன். தேதியத் தள்ளி வெச்சிக்கலாம்" என்றான். எப்போது பேசுவாய் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றான். அவர்கள் அன்று மதியம் சாப்பிட வருவதாக ஏற்கெனவே ஏற்பாடு. நான் அவனை நம்பினேன். இவ்வளவுக்குப் பிறகும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மூன்றாம் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். பூசை முடிவில் சாமியார் தாளை எடுத்து வாசித்தார். மரியதாஸ், லூர்துமேரி ஆகியோரின் மகள் சகாயசெல்வி. அப்பாதுரை, செல்லம்மாள் ஆகியோரின் மகன் சவரிராஜ். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." முதல் இரண்டு ஞாயிறும் இதைக் கேட்டபோது வெட்கத்தில் தலை குனிந்திருந்தேன். இந்த முறை ஆண்கள் பக்கம் பார்த்தேன். அப்பா கண்ணை மூடியிருந்தார். அண்ணன் எதிரே சுவரில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். சவரிராஜ், அவருடைய அப்பா அப்பாதுரை, அம்மா செல்லம்மாள். செல்லம்மாள் வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். கூரைப் புடவையின் நிறம், மேளக்காரர், பஸ் ஏற்பாடு. அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இப்போது சொல்வான், சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வான் என்று நான் காத்திருந்தேன். இலை போட்டாகிவிட்டது.

"ஏம்பா, உப்பளத்துக்காரங்க ஊட்ல கொழம்புல உப்பக் காணோமே!" என்றார் அப்பாதுரை. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"உப்பு வாங்கற வேல மிச்சம்னுதான் இந்தப் பொண்ணையே கேட்டோம்" என்றார் செல்லம்மாள். "நீ இன்னாம்மா நின்னுக்கினே இருக்க? எங்கூட ஒக்காரு."

என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். சவரிராஜ் எதிரில் இருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "சாப்டுங்க" என்றார். அண்ணன் பரிமாறிக்கொண்டிருந்தான். ரசம் வந்தது. பிறகு மோர். அவன் வாயைத் திறக்கப்போவதில்லை என்று மோர் ஊற்றும்போது எனக்குப் புரிந்தது. சொல்வதாக இருந்தால் வெள்ளிக்கிழமையே போய்ச் சொல்லியிருப்பான். என்னை ஞாயிறு வரை அமைதியாக வைத்திருப்பதுதான் அவன் கணக்கு. அதற்குப் பிறகு அடுத்த ஞாயிறு. அதற்குப் பிறகு கல்யாணம்.

தண்ணீர் குடித்தேன். இடது பக்கமாக வழிந்து தாவணியில் சொட்டியது.

"இன்னாம்மா, சின்னப் புள்ள மாதிரி ஒழுவுது?" செல்லம்மாள் தன் முந்தானையால் என் வாயைத் துடைத்தார். துடைத்த கை கட்டியின் மேல் பட்டு நின்றது. "இது இன்னா? பாக்க வந்தப்போ இவ்ளோ பெருசா இல்லியே?"

"அதுங்களா, ஒண்ணும் இல்லீங்க" என்றான் அண்ணன். மோர்ச் செம்பு கையிலேயே இருந்தது. "எச்சில்ல கல்லு கட்டியிருக்குது. உப்புல பொழங்கறவங்களுக்கு வர்றதுதான். ஆஸ்பத்திரியில காட்டிட்டோம்."

"கல்லா? எச்சில்லயா?"

"அதுக்கு இங்கிலீஷ்ல பெரிய பேரு இருக்குதுங்க. எனக்கு வாயில நுழையாது." அண்ணன் என் பக்கம் திரும்பினான். பெருமையாகச் சிரிக்கும்போது இருக்கும் அதே முகம். டீக்கடையில் இருக்கும் முகம். "இவ டிகிரி படிச்சவ. செல்வி, அந்தப் பேரச் சொல்லும்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா உப்புக் கிண்ணத்தோடு நின்றாள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு எழுத்தோ ஒன்பது எழுத்தோ, நான் அந்தப் பழைய பெயரைச் சொன்னால் போதும். அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிடுவார்கள். நான் சொன்னால் யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள்.

"அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா" என்றேன்.

"அப்பாடி, எவ்ளோ நீளம்!" என்றார் அப்பாதுரை.

அண்ணன் சிரித்தான். அவனுக்கு இந்தப் பெயருக்கும் அந்தப் பெயருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பரவாயில்லை என்று நினைத்தான். நீளமாக இருந்தது, அது போதும் அவனுக்கு.

சவரிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். "அப்படின்னா கல்லுதானுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

இந்த முறை எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"கல்லு இல்லீங்க. கேன்சர். இந்த வீட்ல இருக்கிற மூணு பேருக்கும் அது ஜூலை நாலாந்தேதியிலேர்ந்து தெரியும்."